கூடிச் செய்யும் வேலையும் கூடவே வரும் சண்டையும்

பொங்கல் விழா அன்று சர்க்கரைப் பொங்கல் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். நண்பர் ஒருவரின் மகள் அருகில் வந்து, "மாமா, உங்க ரயில்வே ஆபீஸ்ல சண்டையெல்லாம் வருமா?" என்று கேட்டாள். அந்தப் பெண் அந்தேரிப் பக்கம் ஒரு விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதும் வேலையில் இருக்கிறாள். வேலையில் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது.

விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. அவள் குழுவில் ஐந்து பேர். இவள் எழுதுகிறாள், ஒருவர் படம் வரைகிறார், ஒருவர் வீடியோ வெட்டி ஒட்டுகிறார், ஒருவர் வாடிக்கையாளரிடம் பேசுகிறார், எல்லோருக்கும் மேலே ஒருவர். இரண்டு மாதமாக இவளும் படம் வரைபவரும் நேரில் பேசிக்கொள்வதில்லையாம். பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிக்கொள்கிறார்களாம். ஒரே விளம்பரத்தைப் பதினான்கு முறை மாற்றியாகிவிட்டது. ராஜினாமா கடிதம் எழுதித் தயாராக வைத்திருக்கிறாள். அப்பாவிடம் சொன்னால், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்கிறாராம்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். நம் பெரியவர்கள் இந்த நகரத்தில் டைப்பிஸ்டாகவும் ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் நுழைந்தவர்கள். 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்களுக்கு எதிராக இங்கே எழுந்த கோஷங்களைக் காதால் கேட்டவர்கள். அதனால் "வந்த இடத்தில் வாயைத் திறக்காதே, கொடுத்த வேலையைச் செய்" என்பது வீட்டுக்கு வீடு ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது. அது அன்றைக்குச் சோறு போட்ட சட்டம். ஆனால் எழுதுவது, வரைவது, வடிவமைப்பது, படம் எடுப்பது என்று நம் பிள்ளைகள் இன்று செய்யும் வேலைகளில் அந்தச் சட்டம் செல்லுபடியாகாது. வாய் திறக்காமல் இருப்பதால் நேரும் நஷ்டம் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். ஒருவருடைய வாயை நானே அடைத்திருக்கிறேன்.

அந்தக் கதையைச் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

1988-ஆம் ஆண்டு. பாண்ட்ரி கார் என்னும் சமையல் பெட்டியின் உள்ளமைப்பைத் திருத்தி வரையும் பொறுப்பு எங்களிடம் வந்தது. மெக்கானிக்கல் பிரிவில் நான், எலெக்ட்ரிக்கல் பிரிவிலிருந்து ஒருவர், தச்சுப் பகுதி மிஸ்திரி ஒருவர், கேட்டரிங் பக்கத்திலிருந்து ஒருவர், டிராயிங் போட இளைஞர் ஒருவர். சிறிய குழுதான், நான் அதற்குப் பொறுப்பு. ரயில் பெட்டியில் கற்பனைக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். சுமார் பத்தடி அகலப் பெட்டிக்குள் அடுப்பு, பாத்திர அலமாரி, தண்ணீர்த் தொட்டி, பால் கேன், பத்துப் பன்னிரண்டு ஆட்கள், நடுவே நடைபாதை என்று எல்லாவற்றையும் அடக்குவது கவிதை எழுதுவதைவிடச் சுலபமான காரியம் இல்லை.

நடைபாதையில் இடம் மிச்சப்படுத்த எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சமையல் பகுதிக்குத் தள்ளித் திறக்கும் கீல் கதவு இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் நகரும் கதவு வைத்தால், கதவு வீசித் திறக்கும் இடம் மிச்சமாகும். எல்லோரும் தலையாட்டினார்கள். டிராயிங் போடும் இளைஞர் மட்டும் ஸ்கேலை மேஜையில் வைத்துவிட்டு, "சாப், சாப்பாட்டுத் தட்டை அடுக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருகிறவன் இந்தக் கதவை எந்தக் கையால் இழுப்பான்? பழைய கதவு என்றால் தோளால் தள்ளிக்கொண்டு போவானே!" என்றார்.

நல்ல கேள்வி. இன்று அது நல்ல கேள்வி என்று தெரிகிறது. அன்று என் காதில் விழுந்தது வேறு. வெளிப் பிரிவு ஆட்கள் இருவர் எதிரில் உட்கார்ந்திருக்க, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன பையன் என்னைக் கேள்வி கேட்கிறான் என்பதுதான் விழுந்தது. "டிராயிங் போடுவதுதான் உன் வேலை" என்றேன். கூட்டம் முடிந்தது. கதவு என் விருப்பப்படியே போடப்பட்டது.

முதல் பெட்டி ஓடத் தொடங்கி ஒரு மாதத்தில் பராமரிப்புக்கு வந்தது. ஏறிப் பார்த்தேன். கதவு நிரந்தரமாகத் திறந்தே இருக்கும்படி கைப்பிடியில் ஒரு சணல் கயிற்றைச் சுற்றிப் பக்கத்து அலமாரிக் காலோடு கட்டியிருந்தார்கள்.

கதவு போனால் போகிறது, அதை மாற்றிவிடலாம். பெரிய நஷ்டம் அடுத்த டிராயிங்கில் வந்தது. தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் பிராக்கெட் ஒன்று, மேலே ஓடும் மின்கம்பிக் குழாயில் இடித்தது. ஐந்து பெட்டிகளில் பற்றவைத்த பிறகுதான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வந்தது. ஐந்திலும் வெட்டி எடுத்து மறுபடி பற்றவைக்க வேண்டியதாயிற்று. அந்த இளைஞரைக் கூப்பிட்டு, "வரையும்போதே இது உனக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டேன். "தெரிந்தது சாப். டிராயிங் போடுவதுதானே என் வேலை" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அடுத்த ஆண்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

என் குழுவில் சண்டையே கிடையாது என்று அதுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சண்டை இல்லைதான், ஆனால் பேச்சும் இல்லை.

இந்தச் சங்கடம் ரயில்வேக்கு மட்டும் உரியதல்ல. விளம்பரத் தொழிலிலேயே இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற விளம்பரக்காரர், பலர் கூடி உட்கார்ந்து யோசனைகளை அள்ளி வீசும் முறையை 1940களில் பிரபலப்படுத்தினார். இன்று ஆபீஸ்தோறும் 'பிரெய்ன்ஸ்டார்மிங்' என்கிறார்களே, அதுதான். அவருடைய முதல் விதி, யாரும் யாருடைய யோசனையையும் குறை சொல்லக்கூடாது என்பது. குறை சொன்னால் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, நான்கு பேர் கூடி உட்கார்ந்து சொன்னதைவிட, அதே நான்கு பேர் அளவுக்குத் தனித்தனியே உட்கார்ந்து எழுதியவர்களின் யோசனைகளைச் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. 2004-இல் சார்லன் நெமத் என்ற உளவியல் பேராசிரியையும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவிலும் பிரான்சிலும் இன்னொரு சோதனை செய்தார்கள். போக்குவரத்து நெரிசலைக் குறைப்பது எப்படி என்பது தலைப்பு. (மும்பைக்காரர்களை அழைத்திருந்தால் நேரம் போதாமல் போயிருக்கும்.) குறை சொல்லாதீர்கள் என்று சொல்லப்பட்ட குழுக்களைவிட, தாராளமாக வாதாடுங்கள், குறை சொல்லுங்கள் என்று சொல்லப்பட்ட குழுக்களே அதிக யோசனைகளைத் தந்தன.

அப்படியானால் சண்டை நல்லதா? அவசரப்பட வேண்டாம். இந்தத் துறையில் ஆய்வு செய்பவர்கள் சண்டையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று வேலையைப் பற்றிய சண்டை, மற்றொன்று ஆளைப் பற்றிய சண்டை. 1995-இல் கேரன் ஜென் என்பவர் வேலையைப் பற்றிய கருத்து வேறுபாடு சில வகை வேலைகளில் நன்மை செய்யக்கூடும் என்று காட்டினார். 2003-இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், இல்லை, சராசரியாகப் பார்த்தால் இரண்டுமே கெடுதல்தான் என்றார்கள். 2012-இல் இன்னும் அதிகமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது விஷயம் சற்றுத் தெளிந்தது. வேலைச் சண்டை ஆள் சண்டையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும் இடங்களில் அது அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. ஒட்டிக்கொண்டால் கெடுக்கிறது. ஆக, சண்டையை நிறுத்த முயல்வதைவிட, ஒன்று மற்றொன்றாக மாறாமல் பார்த்துக்கொள்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

மாறாமல் இருந்ததற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ரைட் சகோதரர்கள். 1903 டிசம்பர் 17 அன்று விமானம் பறந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் டேட்டன் நகரத்தில் அவர்களுடைய சைக்கிள் கடையில் நடந்த சண்டை அவ்வளவாகத் தெரியாது. விமானத்துக்கு முன்விசிறி, அதாவது புரொப்பெல்லர், செய்ய வேண்டும். கப்பல் புரொப்பெல்லரின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். தேடிப் பார்த்தால் கப்பல்காரர்களிடமும் உருப்படியான கணக்கு எதுவும் இல்லை, செய்து செய்து பார்த்த அனுபவம்தான் இருந்தது. சுழலும் இறக்கையே புரொப்பெல்லர் என்று கொண்டு முதலிலிருந்து தாங்களே கணக்குப் போடத் தொடங்கினார்கள். அண்ணன் வில்பர் ஒன்று சொல்வார், தம்பி ஆர்வில் மறுப்பார். மணிக்கணக்கில் கத்துவார்கள். கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக், குரல்தான் உயருமே தவிர அவர்கள் உண்மையில் கோபித்துக்கொண்டதாகத் தமக்குத் தோன்றவில்லை என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஆர்வில் எழுதி வைத்திருப்பது இன்னும் வேடிக்கை. நெடுநேரம் வாதாடிய பிறகு பார்த்தால் அண்ணன் தம்பியின் கட்சிக்கும் தம்பி அண்ணனின் கட்சிக்கும் மாறியிருப்பார்களாம். வாதம் அப்போதும் தீர்ந்திருக்காது!

இருவரும் கட்சி மாறக்கூடியவர்களாக இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சரி என்று பட்டதும் எதிராளியின் கருத்தை எடுத்துக்கொள்ள இருவருக்கும் தடை இல்லை. அந்தக் கருத்து யாருடையது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவர்கள் செதுக்கிய மரப் புரொப்பெல்லரைப் பிற்காலத்தில் சோதித்தவர்கள், அது 75 சதவீதத்துக்கும் அதிகமான செயல்திறன் கொண்டது என்று கண்டு வியந்தார்கள்.

ஆனால் அவர்கள் ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு மொழி, வெவ்வேறு சம்பளம் உள்ள ஐந்து பேருக்கு அந்த நெருக்கம் எங்கிருந்து வரும்? அதற்கு ஏற்பாடு வேண்டும்.

ஏற்பாடு என்றதும் எனக்கு டிராயிங் தாளின் வலது கீழ் மூலைதான் நினைவுக்கு வருகிறது. பொறியியல் டிராயிங் எதை எடுத்தாலும் அந்த மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கையெழுத்து. எங்கள் ஆபீஸில் சரிபார்ப்பவர் அம்மோனியா வாசனை போகாத பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்வார். சரியான அளவுகளின்மேல் மஞ்சள் பென்சிலால் கோடு போடுவார். தவறு என்றால் சிவப்புப் பென்சில். தாள் திரும்பி வரும்போது சிவப்பு நிறைய இருந்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொண்டதில்லை. குறை கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது, அது அவருடைய உத்தியோகம். சிவப்பு தாளின்மேல் விழுகிறது, வரைந்தவரின்மேல் விழுவதில்லை. அதோடு மஞ்சளும் இருக்கிறது. சரியாகச் செய்ததையும் ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கோடு போட்டிருக்கிறார் என்பது சின்ன விஷயம் இல்லை.

தினமும் அந்தக் கட்டத்தின்கீழ் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நான், பாண்ட்ரி கார் கூட்டத்தில் அதன் பொருளை மறந்துவிட்டேன். கூட்டத்தில் வாயால் சொல்லும் குறைக்கு அப்படி ஒரு கட்டம் இல்லை. அதனால் அது நேராக என்மேல் விழுந்ததாக நினைத்துக்கொண்டேன்.

பிக்ஸார் என்னும் கார்ட்டூன் பட நிறுவனம் கூட்டப் பேச்சுக்கே அப்படி ஒரு கட்டத்தைக் கண்டுபிடித்தது. 'டாய் ஸ்டோரி' எடுத்தவர்கள். உங்கள் வீட்டுப் பேரக் குழந்தைகளைக் கேட்டால் கதையே சொல்வார்கள். அங்கே ஒரு படம் தயாராகிக்கொண்டிருக்கும்போது சில மாதங்களுக்கு ஒருமுறை, அரைகுறையாக இருக்கும் அந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். மற்றப் படங்களை இயக்குபவர்களும் கதை எழுதுபவர்களும் உட்கார்ந்து, எங்கே தூக்கம் வருகிறது, எங்கே நம்ப முடியவில்லை என்று மனம்விட்டுச் சொல்வார்கள். 'பிரெய்ன்ட்ரஸ்ட்' என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்துக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அவர்கள் குறையைச் சொல்லலாம், ஆனால் இப்படித்தான் திருத்த வேண்டும் என்று உத்தரவிட முடியாது. எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பது அந்தப் படத்தின் இயக்குநர் பாடு. குறை சொல்பவரின் கையில் கத்தி இல்லை என்று தெரிந்தால், கேட்பவருக்குக் கேடயம் தேவைப்படாது.

அந்த நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான எட் கேட்முல் 2014-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு மேஜையைப் பற்றிச் சொல்கிறார். கூட்ட அறையில் நீளமான, அழகான மேஜை ஒன்று. நடுவில் உட்காருபவர்களுக்குத்தான் எல்லோர் முகமும் தெரியும். அதனால் இயக்குநரும் பெரியவர்களும் நடுவில் உட்காரும்படி பெயர்ச் சீட்டு வைத்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் தங்கள் கருத்து வேண்டியதில்லை போலும் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டார்கள். இப்படியே 13 ஆண்டுகள்! ஒருநாள் வேறு அறையில் சதுர மேஜையைச் சுற்றி உட்கார்ந்தபோதுதான் எல்லோரும் கலகலவென்று பேசுவதைக் கவனித்தார்களாம். உடனே நீள மேஜையை மாற்றினார்கள். புது மேஜை வந்த பிறகும் சில நாள் பழைய பெயர்ச் சீட்டுகள் மட்டும் அதன்மேல் வந்துகொண்டிருந்தன. ஆண்ட்ரூ ஸ்டான்டன் என்ற இயக்குநர் வந்து அவற்றை அங்குமிங்கும் கலைத்துப் போட்டு, இனி இவை வேண்டாம் என்ற பிறகே நின்றது. மேஜை போனாலும் சீட்டு போகாது என்பது நம் சங்கக் கமிட்டிக் கூட்டங்களுக்கு வருபவர்களுக்குப் புதிய செய்தி இல்லை.

பிக்ஸாரைப் புகழ்ந்து முடித்துவிட எனக்கு மனம் இல்லை. 'டாய் ஸ்டோரி 2' கதை சரியில்லை என்று கண்டுபிடித்து, சுமார் ஒன்பது மாதத்தில் அடியோடு மாற்றி எடுத்து, 1999 நவம்பரில் வெளியிட்டார்கள். படம் அமோக வெற்றி. ஆனால் அது முடிந்தபோது வேலை செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கை, மணிக்கட்டு வலி போன்ற பாதிப்பு வந்திருந்தது. ஓயாத வேலையில் களைத்துப்போன ஓர் ஓவியர், காலையில் காப்பகத்தில் விடவேண்டிய கைக்குழந்தையை மறந்து காரிலேயே விட்டுவிட்டு ஆபீஸுக்குள் வந்துவிட்டார். நல்லவேளையாகக் குழந்தை பிழைத்தது. இதையும் கேட்முல்தான் எழுதியிருக்கிறார். கதையில் எங்கே ஓட்டை என்று தைரியமாகச் சொன்ன கூட்டத்தில், எங்களால் இதற்கு மேல் முடியாது என்று சொல்ல யாருக்கும் இடம் இல்லை. அந்தப் படத்தை மீட்டெடுத்த ஜான் லாஸெட்டர், தம்முடைய நடத்தை பற்றிய புகார்களைத் தொடர்ந்து 2017 நவம்பரில் விடுப்பில் சென்று, 2018 முடிவில் நிறுவனத்திலிருந்தே விலகினார். படத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசும் இடத்தில் மனிதர்களைப் பற்றியும் அப்படியே பேச முடியும் என்று எண்ணிவிடக் கூடாது.

நம் பெண்களுக்காக இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாத் தகராறும் பேசித் தீர்க்கிற தகராறு இல்லை. தொல்லை என்று வந்தால் அது கருத்து வேறுபாடு ஆகாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் புகார்க் குழு ஒன்று இருந்தாக வேண்டும். அங்கே "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்ற சொல்லுக்கு இடமே கிடையாது.

மறுபடி விளம்பரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தப் பெண்ணின் தொழில் அது. முன்பெல்லாம் அமெரிக்க விளம்பரக் கம்பெனிகளில் எழுதுபவர் ஒரு மாடி, வரைபவர் ஒரு மாடி. எழுதியவர் தாளை அனுப்பிவிடுவார், வரைபவர் அதற்குப் படம் போடுவார். 1949-இல் தொடங்கிய டாயில் டேன் பெர்ன்பாக் கம்பெனியில் பில் பெர்ன்பாக் என்பவர் இருவரையும் ஒரே அறையில் ஜோடியாக உட்கார வைத்தார். படத்தையும் வாசகத்தையும் இருவரும் சேர்ந்தே யோசிக்க வேண்டும், யார் எதைச் சொன்னாலும் சரி. ஃபோக்ஸ்வாகன் காருக்கு 1959-இல் அவர்கள் தொடங்கிய விளம்பரங்கள் உலகப் புகழ் பெற்றன. பிறகு உலகம் முழுவதும் அந்த ஜோடி முறை பரவியது. நம் பெண்ணையும் படம் வரைபவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்ததும் அந்த வழக்கம்தான். நாற்காலியை மட்டும் ஜோடியாகப் போட்டிருக்கிறார்கள்.

இதே மும்பையில் நாம் பஸ்ஸிலும் காரிலும் போகும்போது அண்ணாந்து பார்க்கும் அமுல் பாப்பாவும் அப்படி ஒரு ஜோடியின் குழந்தைதான். 1966-இல் சில்வெஸ்டர் டகுன்ஹாவும் ஓவியர் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸும் சேர்ந்து உருவாக்கியது. அன்றாடச் செய்தியை வைத்து எழுதும் அந்த விளம்பரம் சூடு ஆறுவதற்குள் பலகையில் ஏறியாக வேண்டும். ஒவ்வொன்றையும் ஆனந்துக்கு அனுப்பி, அதிகாரிகள் பார்த்து, கையெழுத்தாகித் திரும்பி வருவதற்குள் செய்தி பழசாகிவிடும். வர்கீஸ் குரியன், எங்களிடம் கேட்க வேண்டாம், நீங்களே முடிவு செய்து போடுங்கள் என்று விளம்பரக்காரர்களிடமே விட்டுவிட்டார். டகுன்ஹாவின் மகன் ராகுல் பொறுப்பேற்ற பிறகும் எழுதுபவர் ஒருவர், வரைபவர் ஒருவர், ராகுல் என்று மூவராகவே பல ஆண்டுகள் நடத்தினார்கள். வழக்குகளும் எதிர்ப்புகளும் வராமல் இல்லை. ஆனால் யார் முடிவு என்பதில் குழப்பம் இருந்ததில்லை.

பதினான்கு முறை மாற்றினோம் என்று அந்தப் பெண் சொன்னபோது என் மனத்தில் ஓடியது இதுதான். பதினான்கு முறை மாறுகிறது என்றால், ஒப்புதல் கையெழுத்து யாருடையது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை என்று பொருள். அது தெரியாத இடத்தில் ஒவ்வொருவரும் தன் கருத்தையே தீர்ப்பாக நினைத்துப் பேசுவார்கள். தீர்ப்பு ஏற்கப்படவில்லை என்றால் அவமானம் ஆகிவிடுகிறது. அப்புறம் "அவர் எப்போதும் இப்படித்தான்" என்ற பேச்சு வரும். வேலைச் சண்டை ஆள் சண்டையாக மாறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

நம் சங்க ஆண்டு விழா நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். சில ஆண்டுகளுக்கு முன் கடைசிக் காட்சி எப்படி முடிய வேண்டும் என்று ஒத்திகையில் தொடங்கிய பேச்சு, எழுதியவர் வீட்டுக்கும் இயக்கியவர் வீட்டுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லாமல் போனதில் முடிந்தது. கடைசிக் காட்சியில் இறுதி முடிவு எழுதியவருடையதா, இயக்கியவருடையதா என்று முதல் நாளே இரண்டு நிமிடம் பேசியிருந்தால் போதும். நாடகம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பெண்ணிடம் சொன்னவற்றில் சிலவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். வேலையைப் பற்றிய குறையை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. இரவு பதினோரு மணிக்கு வரும் எழுத்துக்குக் குரல் கிடையாது, படிப்பவர் தன் கோபத்தையே அதற்குக் குரலாகக் கொடுத்துக்கொள்வார். தாளையோ திரையையோ இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு விரலை அதன்மேல் வைத்துப் பேசு. "நீங்க போட்ட படம்" என்று தொடங்காமல் "இந்தப் படம்" என்று தொடங்கு. முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு. யோசனையைக் கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தனியே எழுதிக்கொண்டு வரட்டும், யேலில் கண்டது அதுதானே. மேலே இருப்பவர் கடைசியில் பேசட்டும். இராணுவ நீதிமன்றங்களில் கீழ்ப் பதவியில் இருப்பவரிடமிருந்து தொடங்கித்தான் கருத்துக் கேட்பார்கள். பெரியவர் முதலில் சொல்லிவிட்டால் சிறியவர் தலையாட்டுவதைத் தவிர வேறென்ன செய்வார்?

"இதெல்லாம் நான் சொல்லி எங்க ஹெட் கேட்பாரா மாமா?" என்றாள். கேட்க மாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். 1988-இல் என்னிடம் வந்து யாராவது சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். ஆகவே ஒன்றே ஒன்று செய் என்றேன். இப்போது கையில் இருக்கும் விளம்பரத்துக்கு மூன்று கையெழுத்தும் யார் யாருடையது என்று குழுவில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டுப் பார். கேள்விதானே, யாரும் கோபிக்க முடியாது. ராஜினாமாவை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சிவராத்திரிக்கு முந்தைய வாரம் போன் செய்தாள். "கேட்டேன் மாமா. வரைஞ்சவர் யாருன்னு எல்லாரும் கரெக்டா சொன்னாங்க. சரிபார்க்கிறது யாருன்னு கேட்டா யாருமே இல்ல. ஒப்புதல் யாருன்னு கேட்டா நாலு பேரும் நாலு பேர் பெயரைச் சொன்னாங்க. படம் வரையறவர் என் பெயரைச் சொன்னார்!"

இரண்டு மாதமாக அவர் இவளுடைய கையெழுத்துக்குக் காத்திருந்திருக்கிறார், இவள் அவருடையதற்குக் காத்திருந்திருக்கிறாள். அடுத்த திங்கட்கிழமை ஐந்து பேரும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறார்கள். மேஜை எப்படிப்பட்டது என்று கேட்டேன். நீள மேஜையாம்.